படிவத்தில் ஒரு கட்டம் (தொடர் – 9)

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு படிவத்தை நிரப்பியாக வேண்டும். பெயர், பிறந்த தேதி, இன்ஷூரன்ஸ் எண் என்று சாதுவாகத் தொடங்கும் படிவம், திடீரென்று இனம் கேட்கும். வெள்ளையரா, கறுப்பினத்தவரா, ஆசியரா, பூர்வகுடியா, பசிபிக் தீவினரா? ஹிஸ்பானிய வம்சாவளியா என்பது தனிக் கேள்வி. 1997இல் மத்திய அரசு வகுத்த பட்டியல் இது. சென்னையிலிருந்து போன சாஃப்ட்வேர் இன்ஜினீயரும் ஷாங்காயிலிருந்து வந்த சமையல்காரரும் இதில் ஒரே ‘ஆசியர்’. எகிப்தியர்களும் லெபனான்காரர்களும் ‘வெள்ளையர்’! 2024 மார்ச்சில்தான் இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கி, மத்தியக் கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்காவுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தார்கள்.

வயிற்றுவலி என்று வந்தவரிடம் இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார்கள்?

சிகாகோவில் டேவிட் பேக்கர் தலைமையிலான குழு 220 நோயாளிகளிடம் அவர்கள் மனதில் இருப்பதை விசாரித்து, 2005இல் முடிவை வெளியிட்டது. மருத்துவமனைகள் இந்த விவரத்தைத் திரட்டத்தான் வேண்டும் என்றவர்கள் ஏறத்தாழ 80 சதவீதம். ஆனால், பதிவு மேசை ஊழியரிடம் தன் இனத்தைச் சொல்வது என்று வந்தபோது 28 சதவீதம் பேருக்குச் சங்கடம். இதை வைத்துப் பாகுபாடு காட்டுவார்களோ என்று கவலைப்பட்டவர்கள் 58 சதவீதம். ஊருக்கு நல்லதுதான், என்னிடம் மட்டும் கேட்காதே என்பது போல!

இதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. அலபாமாவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசின் பொதுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை.

அது தாத்தா காலத்துக் கதை என்பவர்களுக்குச் சிறுநீரகக் கணக்கைக் காட்டலாம். ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவை வைத்து, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு சூத்திரம் மதிப்பிடும். 2009இல் வந்த சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்க வேண்டும். அவர்களுக்குத் தசை அதிகம் என்ற பழைய ஊகம் இதற்குப் பின்னால் இருந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் கணக்கு, இந்த மதிப்பு 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் தொடங்கும். வெள்ளையருக்கு 18 என்று காட்டும் அதே ரத்தம், கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய 20.9 என்று காட்டும். முன்னவர் வரிசையில் நிற்பார். பின்னவர் வீட்டுக்குப் போவார். படிவத்தில் போட்ட ஒரு டிக் செய்த வேலை!

2021இல் சூத்திரத்திலிருந்து இனத்தை நீக்கினார்கள். இழந்த காத்திருப்புக் காலத்தைக் கறுப்பின நோயாளிகளுக்குத் திருப்பித் தரும்படி 2023 ஜனவரியில் விதி வந்தது. 2024 மார்ச்சுக்குள் 14,000க்கும் மேற்பட்டோருக்குச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. யார் யாருக்குத் தர வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? அதே கட்டத்தில் இருந்த டிக்கை வைத்துத்தான்.

கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது. தடுப்பூசி போடத் தொடங்கிய முதல் மாதத்தில் சுமார் 1.29 கோடிப் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 52 சதவீதம் பேருக்குத்தான் இன விவரம் பதிவாகியிருந்தது. எந்தச் சமூகம் விடுபடுகிறது என்று கேட்டால் பாதிக் கணக்கைத்தான் நீட்ட முடிந்தது. நம்மவர்களுக்கும் இதில் சங்கதி உண்டு: ஆசிய வம்சாவளியினருக்கு உடல் நிறை எண் 25 வரை காத்திருக்காமல் 23 ஆனதுமே சர்க்கரை நோய்ப் பரிசோதனை செய்யுங்கள் என்று 2015இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொன்னது.

சிகாகோ நோயாளிகளின் தயக்கம் எப்போது குறைந்தது என்பதும் அந்த ஆய்வில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே தரத்தில் சிகிச்சை கிடைக்கிறதா என்று சரிபார்க்கவே கேட்கிறோம் என்று காரணம் சொன்னபோது, மற்ற விளக்கங்களைவிட அது நன்றாக எடுபட்டது. சொல்லி முடிக்கப் பத்து விநாடி ஆகுமா? ஆனாலும் பதிவு மேசையில் வரிசை நீளும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த விளக்கம்தான். கேட்கக் கூச்சப்பட்டு, முகத்தைப் பார்த்து ஊழியரே நிரப்பிவிடுவதும் நடந்திருக்கிறது. அப்படித்தான் பூர்வகுடிகள் பலர் பதிவேட்டில் வெள்ளையர் ஆனார்கள். நோயாளி பதில் சொல்ல விரும்பாவிட்டால் ‘மறுத்தார்’ என்று எழுத வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது என்று இப்போது ஊழியர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

(தொடரும்)