பனி காயாத இலையில் எரிபந்தம்

மார்கழி, தை மாதங்களில் படுவான்கரை வட்டைகளில் வானம் நாள்கணக்காக மூடிக் கிடக்கும். மழை விட்டாலும் பனி விடாது. பழுகாமம் பக்கத்துப் பெரும்போக வேளாண்மைக்கு எரிபந்த நோய் வரக்கூடிய காலம் இது.

முதலில் இலையில் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி தெரியும். சில நாளில் அது இரு முனையும் கூர்ந்து, கண் வடிவில் நீளும். நடு சாம்பல், ஓரம் கபிலம். புள்ளிகள் ஒன்று சேர்ந்தால் பயிர் தீப்பட்டதுபோலக் கருகும். கதிர்க் கழுத்தைப் பிடித்தால் இன்னும் மோசம்: கழுத்து கறுத்து முறிய, நெல் பதராகிவிடும்.

நோயைத் தருவது மக்னபோர்த்தே ஒரைசே என்ற பங்கசு. பழைய வைக்கோலிலும் விதைநெல்லிலும் தங்கியிருந்து, வித்திகளாகக் காற்றில் பரவும். ஆனால் வித்தி விழுந்த இலையெல்லாம் நோய்ப்படுவதில்லை. நீர்ப்படலம் இருந்தால்தான் அது முளைக்கும். முளைத்ததும் கருநிறமி பூசிய சிறு குமிழை உண்டாக்கி, அதற்குள் கிளிசரோலைச் சேர்த்து நீரை உறிஞ்சும். குமிழின் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 80 மடங்காகும். அந்த விசையில் நுண்ணிய முளையொன்று இலைத்தோலைத் துளைக்கும். இதற்கு 25 முதல் 28 பாகை வரையான வெப்பமும், மணிக்கணக்கில் காயாத ஈரமும் வேண்டும். காலை வெயில் பனியை வெள்ளெனக் காயவைத்தால் வேலை பாதியில் நின்றுவிடும். மூடிய வானமோ பங்கசுக்கு அவகாசம் கொடுக்கும்.

வானம் மட்டுமல்ல, வயலுக்குள் நாம் உண்டாக்கும் சூழலும் நோயைத் தீர்மானிக்கிறது. யூரியா கூடினால் இலை மென்மையாகி, பயிர் அடர்ந்து, உள்ளே காற்றோட்டம் குறையும். நெருக்கி விதைத்தாலும் அப்படித்தான். மழை இடைவிட்டு வரம்புக்குள் தண்ணீர் வற்றினால் பயிரின் எதிர்ப்புத் தளரும். தண்ணீர் நிற்கும் வயலில் நெல்லுக்குச் சிலிக்கன் நன்றாகக் கிடைக்கும். அது இலைத்தோலை உறுதிப்படுத்தும். எரித்த உமியை மண்ணில் சேர்ப்பதன் பயன்களில் ஒன்றும் இதுவே.

ஈர இலையும் ஒரே பயிரும் நோய்க்கு வழிவிடும் என்பது இலங்கைக்குப் பழைய பாடம். 1869இல் இனங்காணப்பட்ட இலைத்துரு நோய் மலைநாட்டுக் கோப்பியைத் தின்று தீர்த்தபோது, அதை ஆராய வந்த மார்ஷல் வார்ட், அந்தப் பங்கசின் வித்தியும் ஈர இலையில்தான் முளைக்கிறது என்று கண்டார். மலை மலையாக ஒரே பயிர் நின்றது நோய்க்கு வழிவிட்டதையும் சுட்டிக்காட்டினார். நெல்லுக்கும் இது பொருந்தும். 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடையில் உருவான எச்-4 நெல்லினம் எரிபந்தத்தைத் தாங்கியது. ஆனால் பங்கசும் புதிய வகைகளாக மாறிக்கொண்டே இருக்கும். ஓர் இனத்தை மட்டும் நம்பி வட்டை முழுவதும் விதைப்பது ஆபத்து.

பயிர் சோர்ந்து தெரிந்தால் யூரியா மூட்டையைத் தேடிப் போவதுதான் வழக்கம். இலையில் கண்வடிவப் புள்ளி தெரிந்தால் அந்த யூரியா நோய்க்கே தீனியாகும். முதலில் அதை நிறுத்தி, வயலில் தண்ணீரைத் தேக்க வேண்டும். மருந்துக் கடைக்குப் போவது அதற்கு அடுத்த வேலை.