பொம்மைக்குப் பாதி இடம் பரணில்

புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் வீடுகளுக்குள் பொம்மை வந்து சேர வழிகள் பல. திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் என்றால் வீதி நெடுகக் கடைகள் முளைத்துவிடும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் தோளில் ஏறி வந்த பிள்ளை வெறுங்கையோடு வீடு திரும்பாது. ஈஸ்டருக்குப் பின் லூர்து மாதா கோயில் திருவிழா வந்தால் இன்னொரு சுற்று. ஜூலை, ஆகஸ்டில் பிரான்சிலிருந்து சித்தப்பாவோ அத்தையோ லீவுக்கு வந்தால், சூட்கேஸில் பாதி பிள்ளைகளுக்காகவே இருக்கும். பிறந்தநாளுக்கு வருகிறவை தனிக்கணக்கு.

உள்ளே வர இத்தனை வழி, வெளியே போக ஒன்றுமில்லை. கட்டிலடியில், பீரோவின் மேல், தையல் மெஷினுக்குப் பின்னால் என்று சக்கரம் கழன்ற காரும் கை போன பொம்மையும் கிடக்கின்றன. பெருக்கித் துடைக்கிறவருக்குத்தான் அந்த அலுப்பு தெரியும். அவரும் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வாரிப் பழைய பெயின்ட் வாளியிலோ சாக்கிலோ கொட்டிவிடுகிறார். இது அடுக்கிவைப்பது ஆகாது. அடியில் கிடக்கும் ஒரு பஸ்ஸை எடுக்கப் பிள்ளை வாளியையே கவிழ்க்கிறது. பத்தே நிமிடத்தில் கூடம் பழைய கோலத்துக்கு வந்துவிடுகிறது, திட்டு விழுவதோ பிள்ளைக்கு.

பொம்மையை எப்படிப் பேணுவது என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இங்குள்ள சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பக்கத்துத் திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. கொலு வைக்கும் வீட்டில் இந்த மண் பொம்மைகள் எவ்வளவு பக்குவமாகக் காக்கப்படுகின்றன என்று பாருங்கள். விஜயதசமி முடிந்ததும் ஒவ்வொன்றாகத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் நிற்கவைத்துப் பரணில் ஏற்றுகிறார்கள். அடுத்த புரட்டாசியில் அவிழ்க்கும்போது வீட்டுப் பிள்ளைகள் அதே செட்டியாரையும் செட்டியாரம்மாவையும் புதிதாய்க் கண்டதுபோல் சூழ்ந்துகொள்கிறார்கள். பொம்மை பழையதுதான். கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருந்ததே அதைப் புதிதாக்குகிறது.

பிளாஸ்டிக் காருக்கும் மரக்கட்டைக்கும் இதே முறை பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. நடை பழகிய வயதுக் குழந்தைகள் 36 பேரை ஒருமுறை 4 பொம்மைகளோடும், இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டார்கள். நான்கே இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் குழந்தை அதிக நேரம் நின்றது, அதை விதவிதமாகவும் பயன்படுத்தியது. பதினாறு இருந்தபோது ஒன்றைத் தொட்டு, விட்டு, அடுத்ததற்குத் தாவியது.

ஆகவே வீட்டிலுள்ளவற்றில் பாதிக்கு மேல் பரணுக்குப் போகட்டும். மாதம் ஒருமுறை மேலிருப்பதை இறக்கி, கீழிருப்பதை ஏற்றுங்கள். கீழே இருப்பவை பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், மூடியில்லாத தட்டில் இருக்கவேண்டும். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி வகுப்பறையில் வலியுறுத்தியதும் இதைத்தான்: தாழ்வான அலமாரி, ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓர் இடம், எடுத்த பிள்ளையே திரும்ப வைப்பது. விலையுள்ள அலமாரி தேவையில்லை. பழைய வீட்டின் சுவர் மாடமே போதும். இல்லாவிட்டால் இரண்டு பலகை. கட்டைக்கு ஒரு கூடை, சொப்புச் சாமானுக்கு ஒரு கூடை என்று பிரித்து, படிக்கத் தெரியாத பிள்ளைக்காகக் கூடையின் மேல் ஒரு படம் ஒட்டுங்கள். மூன்று வயதுப் பிள்ளை தானே எடுத்துவைக்கும். உடன் உட்கார்ந்து சில நாள் பழக்கவேண்டும், அவ்வளவுதான்.

நம் பக்கத்து மழைக்கு ஒரு முன்யோசனை வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் ஏறித் தாழ்வான குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையோரத் தட்டில் இருப்பவை கைப்பிடி வைத்த தொட்டியிலோ கூடையிலோ இருந்தால் அவசரத்துக்குத் தூக்கி மேலே வைத்துவிடலாம். பரணில் வைக்கும் மண் பொம்மையைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும், வண்ணம் உரியும். பருத்தித் துணியே சரி. காகிதக்கூழ் பொம்மைக்கு ஈரமும் கரையானும் இரண்டுமே எதிரி. அதைச் சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

பொம்மைப் பெட்டிக்குள் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். அதிலுள்ள நாப்தலீன் சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். பரணுக்கு ஏற்றும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பொத்தான் அளவிலுள்ள வட்ட பேட்டரி இன்னும் ஆபத்து. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். கனமான மூடியுள்ள டிரங்குப் பெட்டியும் சிறு பிள்ளை இருக்கும் வீட்டில் பொம்மைக்கு ஆகாது. எட்டிப் பார்க்கும் பிள்ளையின் கழுத்தில் மூடி விழுந்தால் விபரீதம். புதிதாக வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்தவை நீங்கலாக, 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு அது கட்டாயம்.

உடைந்தவற்றைக் கழித்துக்கட்டிய பிறகும், பிள்ளை வளர்ந்து தாண்டிவிட்ட நல்ல பொம்மைகள் சில மிஞ்சும். பிள்ளைக்குத் தெரியாமல் இரவோடு இரவாக அப்புறப்படுத்தாதீர்கள். எதைக் கொடுக்கலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, திருகாணி கழன்றிருக்கிறதா என்று பார்த்து, உங்கள் தெரு அங்கன்வாடியில் கேட்டுக்கொண்டு கொடுங்கள். கொடுக்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள்.