பழசும் புராதனமும்: ஒரு சிலிண்டரை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

2023இல் எங்கள் வண்டிக்கு ஐம்பது வயசு முடிந்தது. அப்பா 1973இல் வாங்கிய புல்லட். மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தி. நகரிலும் அடையாறிலும் அரை நூற்றாண்டு அலைந்த வண்டி. அதே வருஷம்தான் இன்ஜின் சீஸ் ஆகி நடுரோட்டில் நின்றது. ஆயில் பார்க்காமல் ஓட்டியது என் தப்பு. தள்ளிக்கொண்டு போகும்போது கூட வந்த நண்பர் சொன்னார்: 'இனிமே இத ஓட்டாதப்பா. அம்பது ஆயிடுச்சுல்ல, விண்டேஜ்ல பதிஞ்சு மூடி வச்சுரு. மதிப்பே வேற.'

போகிறபோக்கில் அவர் சொன்னதுக்குள் ஒரு முழுக் கோட்பாடு ஒளிந்திருக்கிறது. ஓடாமல் இருந்தால்தான் மதிப்பு. இது அவருடைய சொந்தக் கருத்தும் இல்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் 'விண்டேஜ்' எனப்படும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிகிற வண்டிகளின் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜின் எதிலும் கணிசமான மாற்று வேலை நடந்திருக்கக் கூடாது. இரண்டு, அன்றாட உபயோகத்துக்கோ தொழிலுக்கோ ரோட்டில் ஓடக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டும் வெளியே வரலாம்.

இன்னொரு பக்கம் 15 ஆண்டுக் கணக்கு. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும், பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் இரு சக்கர வண்டிக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது, காருக்கு 600லிருந்து 5,000. பதினைந்து தாண்டிய பஸ், லாரிகளின் தகுதிச் சான்றுக் கட்டணம் 12,500 ரூபாய்க்குப் போனது. 2025இல் 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு மறுபடி ஏற்றினார்கள்: இரு சக்கரத்துக்கு 2,000, காருக்கு 10,000.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். பதினைந்து வயசில் ஒரு வண்டி 'பழசு' ஆகிறது. குற்றவாளியைப் போல ஐந்து வருஷத்துக்கொருமுறை கையெழுத்துப் போட வேண்டும். ஐம்பதில் அதே வண்டி 'புராதனம்' ஆகிவிடுகிறது. மரியாதை கிடைக்கிறது, கூடவே வீட்டுக்காவலும். இந்த இரண்டு எண்களுக்கு இடையில் 35 வருஷம் கிடக்கிறது. பழசாக 35 வருஷம் பிழைத்துக் கிடந்தால்தான் எதுவும் புராதனம் ஆக முடியும். அந்த 35 வருஷமும் அதை யார் பிழைக்க வைத்தார்கள்? இந்தக் கேள்வி சட்டத்தில் இல்லை. பாரம்பரியம் பற்றிய நம் சொல்லாடல்களிலும் இல்லை.

2

மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில், பத்துக்குப் பதினைந்து அடியில் ஒரு லேத் பட்டறை. என் சிலிண்டரைக் கையில் வாங்கிய மேஸ்திரி உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று சுற்றினார். 'மேல வாயாண்ட தேஞ்சிருக்கு, கீழ கோடு வுழுந்திருக்கு. ஏற்கெனவே ரெண்டு தபா போர் போட்டது சார் இது.' பிறகுதான் டயல் கேஜை எடுத்தார். விரல் சொன்னதையே கேஜும் சொன்னது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதில் சிலிண்டரின் உள்சுவர் ஒரே சீராகத் தேய்வதில்லை. வட்டம் கோணுகிறது. அதைச் சரிசெய்யச் சுவரைக் கொஞ்சம் கடைந்து மறுபடி வட்டமாக்கி, கொஞ்சம் பெரிய பிஸ்டனைப் போடுகிறார்கள். இந்தப் பெரிய பிஸ்டனுக்குப் பட்டறையில் 'ஓவர்சைஸ்' என்று பேர். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அடுத்த தடவை 40 என்று ஏறும். 350 சிசி புல்லட்டின் சிலிண்டர் பிறக்கும்போது 70 மில்லிமீட்டர். ஒவ்வொரு தடவை உயிர் கொடுக்கும்போதும் கொஞ்சம் இரும்பு போய்விடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் கடைய முடியாது. அப்போது உள்ளே புது வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை இறுக்கமாக இறக்கி, அதைப் பழைய 70க்கே கடைகிறார்கள். இதுதான் 'ஸ்லீவ்'. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் விடும் இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். குறைந்தால் சூட்டில் பிஸ்டன் விரிந்து மறுபடி பிடித்துக்கொள்ளும், கூடினால் புகையும் சத்தமும்.

என் வண்டிக்கு ஸ்லீவ் அடித்தாயிற்று. வெளியே 1973இன் இரும்பு, உள்ளே 2023இன் இரும்பு. இது 'கணிசமான மாற்று வேலை'யா? அசல் எங்கே முடிகிறது, ரிப்பேர் எங்கே தொடங்குகிறது? மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். 'ஓடாத அசல வச்சுக்கினு இன்னா சார் பண்ணப் போற?'

அடுத்தது மரை. இன்ஜின் ஸ்டட் ஒன்றின் மரை அழிந்துபோயிருந்தது. என் வண்டியின் மரைகள் பல பிரிட்டிஷ் வழி வந்தவை. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் முன்வைத்த தரப்படி மரையின் பள்ளத்துக்குக் கோணம் 55 டிகிரி. அங்குலத்துக்கு இத்தனை மரை என்று கணக்கு. மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. இந்தியா 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறியது. ஆனால் மெஷின்கள் சட்டம் படிப்பதில்லை. அந்தப் பட்டறை லேத்தின் தாய்த்திருகு அங்குலக் கணக்கில் பிறந்தது, அதனால் என் ஸ்டட் அதற்குச் சொந்த பாஷை. அதே லேத்தில் மெட்ரிக் மரை போட வேண்டுமானால் 127 பல் உள்ள கியர் ஒன்றை நடுவில் மாட்ட வேண்டும். ஏன் 127? ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் சரியாக 127. பின்னம் இல்லாமல் இரண்டு அளவுலகங்களையும் சேர்க்கும் எண் அது.

பின்காலனியம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஒரு சாம்ராஜ்யத்தின் அளவையும் அதிலிருந்து விடுபட்ட தேசத்தின் அளவையும் 127 பற்களால் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிற கிரீஸ் படிந்த அந்தச் சக்கரம் நம் கண்ணில் பட்டதே இல்லை.

3

மெஷின் இரண்டு விதமாக மதிப்பிழக்கிறது என்று 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) மார்க்ஸ் விளக்குகிறார். ஒன்று தேய்மானம். இன்னொன்று, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைவிட மலிவான, புதிய மெஷின் வந்துவிடுவதால் ஏற்படும் மதிப்பிழப்பு. பதினைந்து வருஷக் கட்டணம் இந்த இரண்டாவது வகையைச் சந்தைக்கு விடாமல் அரசே செய்து முடிக்கிறது. வண்டியின் உடம்பு எப்படி இருந்தாலும் அதன் பிறந்த தேதி தண்டிக்கப்படுகிறது.

1926இல் ஆல்ஃப்ரெட் ஸோன்-ரெத்தல் என்ற ஜெர்மானியர் நேப்பிள்ஸ் நகரத்து மக்களுக்கும் மெஷின்களுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருள் உடைந்த பிறகுதான் அது அந்த மக்களின் கைக்குச் சொந்தமாகிறது என்பது அவர் கண்டது. புதுப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் நடக்கும்போது எனக்கு இந்த ஞாபகம் வரும். நிறுத்தப்பட்ட மாடல்களின் அனாதை உறுப்புகள் அங்கே குவிந்து கிடக்கும். சென்னைக்குப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு கார்களின் உற்பத்தி எண்பதுகளின் கடைசியில் நின்றது. அம்பாஸடர் 2014இல் நின்றது. கம்பெனி கைவிட்ட பின்னும் வண்டிகள் ஓடின என்றால், கிடைக்காத உறுப்பைக் கடைந்து கொடுத்த லேத்துகளும் கிடைத்த உறுப்பைக் கழற்றி வைத்த காயலான் கடைகளும்தான் காரணம்.

ஆனால் ஸோன்-ரெத்தல் வேடிக்கை பார்க்க வந்தவர். வறுமையின் சாமர்த்தியத்தைக் கலை என்று ரசிப்பது வேடிக்கை பார்ப்பவருக்குச் சுலபம். புதுப்பேட்டையை அப்படி ரசிக்க எனக்கு விருப்பமில்லை. அங்கே நான் கவனிப்பது சொற்களை: 'ஒரிஜினல்', 'டூப்ளிகேட்', 'ரீகண்டிஷன்'. இந்தப் படிவரிசை வெறும் விலைப்பட்டியலாகத் தெரியவில்லை. எந்தக் கை தொட்டது என்பதைப் பொறுத்துப் பொருளின் சாதி மாறுகிறது.

ஓர் உதாரணம். ஈ.ஐ.ஆர்.-21 என்ற நீராவி ரயில் இன்ஜின். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி செய்தது. ஓய்வு பெற்றுப் பல பத்தாண்டுகள் காட்சிப் பொருளாய் நின்றதை 2010இல் பெரம்பூர் லோகோ பட்டறைத் தொழிலாளர்கள் மறுபடி ஓட வைத்தார்கள். தொலைந்துபோன உறுப்புகளைப் புதிதாகச் செய்து போட்டார்கள். 2019 சுதந்திர தினத்தன்று எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவே அது புகை விட்டுக்கொண்டு போயிற்று. இத்தனை உறுப்பு மாறியும் அது 1855இன் இன்ஜின்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை. அரிய வேலை அது. என் கேள்வி வேறு. அரசுப் பட்டறையில் புது உறுப்பு போட்டால் 'மீட்டெடுப்பு', புதுப்பேட்டையில் போட்டால் 'டூப்ளிகேட்' என்று பேர் வைப்பது யார்?

கார் கண்காட்சிகளில் அட்டை தொங்கும். கம்பெனி, வருஷம், குதிரைசக்தி, முன்பு எந்த ஜமீனுக்கு, எந்த நடிகருக்குச் சொந்தம் என்பதெல்லாம் இருக்கும். போர் போட்டவர் பேரை ஒரு அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

4

ஸோன்-ரெத்தல் பின்னாளில் எழுதிய பெரிய புத்தகம் மூளை உழைப்பும் கை உழைப்பும் பிரிந்ததைப் பற்றியது. அந்தப் பிரிவின் நம்மூர் வடிவத்தைப் பார்க்க அடையாறு பக்கம் போனால் போதும். சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட நூல், காலனிய காலம் தொட்டுப் பொறியியல் கல்வி எப்படிக் கைவினைஞரிடமிருந்து விலகி, கைவேலையைத் தொடாத சாதிகளின் 'தகுதி'யாக மாறியது என்று காட்டுகிறது. ஆயுத பூஜைக்கு லேத்துக்குப் பொட்டு வைக்கும் ஊர் இது. அதே லேத்தில் நாற்பது வருஷம் நின்றவரை 'படிக்காதவர்' என்று சொல்லும் ஊரும் இதுதான்.

இந்த இடத்தில் நமக்கும் சங்கடமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேஸ்திரியின் விரலுக்கு அந்த அறிவு எப்படி வந்தது? பன்னிரண்டு வயசில் பட்டறைப் பையனாகச் சேர்ந்தார். மண்ணெண்ணெயில் உறுப்பு கழுவினார். ஸ்பானர் மாற்றிக் கொடுத்தால் அடி வாங்கினார். குழந்தை உழைப்பு அது. 1986 சட்டமும் 2016 திருத்தமும் அதைத் தடுத்தன. சரிதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் பதினான்கு வயசுக்குட்பட்ட பையனைப் பட்டறையிலிருந்து எடுத்த சமூகம், பதினெட்டு வயசுக்காரன் சம்பளத்தோடு வந்து கற்க ஒரு வழியையும் அங்கே வைக்கவில்லை. மேஸ்திரிக்கு அறுபத்தெட்டு வயசு. அவருக்குப் பின் அந்த லேத்தில் நிற்க ஆள் இல்லை. அவர் மகன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருக்கிறார். 'அவனாவது கை கருக்காம இருக்கட்டும் சார்' என்கிறார். இதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

5

தோழர்கள் கேட்பார்கள்: பழைய வண்டி புகை விடாதா? விடும். கார்புரேட்டர் வண்டி புது வண்டியைவிடக் கூடுதலாகக் காற்றைக் கெடுக்கும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதைச் சுவாசித்தவர் மெக்கானிக். எல்லாப் பழசையும் காப்பாற்றுவோம் என்பது என் வாதமில்லை. புகையை அளந்து தண்டியுங்கள், பிறந்த தேதியை அளக்காதீர்கள் என்கிறேன். ஒரு புது வண்டிக்கு உருக்கிய இரும்பும் எரித்த நிலக்கரியும் புகைக் கணக்கில் சேர வேண்டும் என்கிறேன். பதினாறு வயசு வேனை வைத்துப் பிழைப்பவரையும் ஐம்பது வயசுக் காரை ஷெட்டில் வைத்திருப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துங்கள் என்கிறேன்.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்யக் கிராமம் கிராமமாகப் போனோம். மரைக் கணக்கும், வார்ப்பிரும்பைப் பற்ற வைக்கும் முன் எவ்வளவு சூடாக்க வேண்டும், பிறகு ஏன் சாம்பலில் புதைத்து மெல்ல ஆற விட வேண்டும் என்பதும் வாய்மொழி மரபுதான். அதைச் சொல்லும் ஆட்கள் நாம் டீ குடிக்கிற தெருவிலேயே இருக்கிறார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு அங்கே போகலாம்.

வண்டி தயாராயிற்று. மேஸ்திரி கிக்கரை மூன்று தடவை உதைத்தார், மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, 'ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டு சார், ஸ்லீவ் செட்டாவணும்' என்றார். விண்டேஜ் பதிவுக்கு நான் போகவில்லை. ஆயிரம் ரூபாய் கட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச காலம் அது பழசாகவே இருக்கட்டும்.