சித்தன்னவாசல் தாமரைக் குளத்தை அழித்த கைகள்!

புதுக்கோட்டை: பூட்டை உடைத்தால் போலீஸ் வந்து கைரேகை எடுக்கும். சித்தன்னவாசல் குகையில் கைவரிசை காட்டியவர்களின் ரேகையை எடுக்க ஆள் இல்லை. பறிபோனது நகையல்ல, பணமல்ல. 1,100 வருடத்துக்கு மேல் பழமையான ஓவியம்!

புதுக்கோட்டையில் இருந்து அன்னவாசல் போகும் வழியில் சுமார் 16 கிலோ மீட்டர் போனால் நீண்ட பாறைக்குன்று ஒன்று தெரியும். அதன் மேற்குச் சரிவில், பாறையைக் குடைந்து சமணர்கள் அமைத்த அறிவர் கோயில் இருக்கிறது.

தலைக்கு மேலே குளம்

உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். கூரை முழுக்கத் தாமரைக் குளம்! விரிந்த பூ, மொட்டு, பச்சை இலை. ஊடே மீன், அன்னம், எருமை, யானை.

குளத்தில் மூன்று பேர் பூப்பறிக்கிறார்கள். ஒருவர் வலது கையால் பறிக்கிறார். மறு கையில் பூக்கூடை. பக்கத்தில் இருப்பவரின் ஒரு கையில் தாமரை. இன்னொரு கையில் விரல்கள் மடங்கி மான் முத்திரை. சற்றுத் தள்ளி நிற்பவர் தோளில் தாமரைக் கட்டு.

தூண்களின் மேல்பகுதியில் நடன மாதர்கள். ஒருத்தியின் கை யானைத் துதிக்கை போல வீசி நீண்டிருக்கிறது. முகத்தை விட்டுவிட்டு அந்தக் கைகளை மட்டும் பார்த்தாலே போதும், வந்த பஸ் செலவு வீணில்லை!

வரைந்தவர் யார்?

சுண்ணாம்பு பூசி, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை, கரி, செங்காவி, மஞ்சள் காவி என்று மண்ணிலும் கல்லிலும் கிடைத்ததைக் கொண்டே வரைந்திருக்கிறார்கள். 9-ம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. தூரிகை பிடித்தவன் பெயர் அதில் இல்லை.

அதே குன்றின் ஏழடிப்பட்டத்தில் வழவழப்பான 17 கற்படுக்கைகள் உள்ளன. பெரிய படுக்கையில், சுமார் 2 ஆயிரம் வருடத்துக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்து. அதைச் செய்து கொடுத்தவர் சிறுபொசில் இளையர் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். படுக்கை செய்தவருக்குக் கிடைத்த பெயர், குளம் வரைந்தவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குளம்தான் அவர் போட்ட கையெழுத்து!

கை எட்டியது போச்சு!

ஒரு காலத்தில் சுவர், தூண், கூரை எங்கும் ஓவியம் இருந்தது. இப்போது மிஞ்சியிருப்பது எங்கே தெரியுமா? கூரையிலும் தூண்களின் மேல்பகுதியிலும்தான். மனிதன் கை எட்டாத உயரம்!

குகை வெகுகாலம் காவல் இல்லாமல் திறந்தே கிடந்தது. காலமும் ஈரமும் கொஞ்சம் தின்றன. தடவிய கையும் சுரண்டிய கையும் மிச்சத்தைத் தின்றன. சென்னை மியூசியத்தின் ரசாயன நிபுணர் டாக்டர் எஸ்.பரமசிவன் சுதந்திரத்துக்கு முன்பே இதை ஆராய்ந்து அழுக்கு நீக்கினார். அழுக்கை எடுக்கலாம். உதிர்ந்து போன விரலை யார் வரைவது?

"சும்மா தொட்டால் என்ன சார்?" என்று கேட்கலாம். கையில் வியர்வை இருக்கு, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு. ஒருத்தர் தொட்டால் தெரியாது. ஆயிரம் பேர் தொட்டால் சுண்ணாம்பு பெயரும், வர்ணம் போகும். சுவரைக் கண்டதும் ஆணியால் பெயர் கீறுகிற ஆசாமிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2 வருடம் உள்ளே!

இன்று இந்த இடம் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால், 1958-ம் வருடச் சட்டப்படி முதலில் 3 மாதம்தான் ஜெயில். 2010-ல் சட்டத்தைத் திருத்தி இறுக்கினார்கள். இப்போது 2 வருடம் வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே போங்கள். கூரையில் மூன்று பேர் பறிக்கிறார்களே, அந்தப் பூ போதும். நாலாவது கை வேண்டாம்!