பரிசோதனைகள் முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

மாதக்கணக்கில் வயிறு உப்புகிறது, போக்கு நிற்கவில்லை என்றால் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையிலும் இப்போது வைத்தியம் தயார்: ‘கோதுமையை விட்டுவிடு.’ கைபேசியில் யாரோ சொன்னது. விட்டதும் சிலருக்கு உடம்பு தேறுகிறது. பல மாதம் கழித்து, சீலியாக் நோயா என்று பார்க்க ரத்தம் கொடுத்தால் ‘இல்லை’ என்று வருகிறது. நோய் இருந்தாலும் அப்படி வரலாம்.

கோதுமை, பார்லி, ரை தானியங்களிலுள்ள குளூட்டன் உள்ளே போனால், இந்த நோயாளிகளின் எதிர்ப்பாற்றல் அவர்களுடைய சிறுகுடலையே அரிக்கிறது. ரத்தப் பரிசோதனை தேடுவது அந்தத் தாக்குதலின் தடயமான எதிர்ப்பொருளை. சாப்பாட்டை மாற்றினால் தடயம் மெல்ல மறைந்துவிடும்.

சோறு தின்னும் நமக்கு இன்னொரு சிக்கல். 2016இல் வெளியான இந்திய ஆய்வில் சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கே 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. அங்கே நாளுக்கு 455 கிராம் கோதுமை, இங்கே 25. இதனாலேயே ‘வடக்கத்தி நோய்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சேதமான சிறுகுடல் இரும்புச்சத்தைச் சரியாக உறிஞ்சாது; மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிக் கொடுப்பவர்கள், இத்தனை தின்றும் ரத்தசோகை ஏன் தீரவில்லை என்று ஒருமுறையாவது கேட்கக் கூடாதா?

கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் காட்டி, பரிந்துரைச் சீட்டோடு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் குடல் இரைப்பைப் பிரிவுக்குப் போங்கள். ஆய்வகச் சீட்டில் ‘டிடிஜி ஐஜிஏ’, ‘மொத்த ஐஜிஏ’ இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு முதல் பரிசோதனை மட்டும் செய்தால் பொய் சொல்லும். வாரம் ஒரு பரோட்டாதான் தின்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அவ்வளவு குறைவாகத் தின்றாலும் முடிவு ஏமாற்றலாம். எண்டோஸ்கோப்பி செய்தால், சீலியாக் சந்தேகம் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இரைப்பையை மட்டும் பார்த்து அனுப்பினால் பயனில்லை; சிறுகுடலின் தொடக்கத்தில் பல இடங்களில் சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். அந்த பயாப்ஸி அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் காகிதம் அது. இதெல்லாம் முடியும்வரை கோதுமை வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், வேண்டும்.

ஏற்கெனவே நிறுத்தியவர்களுக்கும் வழி உண்டு. எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனைக்குச் சாப்பாடு ஒரு பொருட்டல்ல. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருந்தால் மட்டும் நோய் என்று ஆகிவிடாது. அல்லது மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் தினமும் சப்பாத்தி தின்று பரிசோதிக்கலாம். குழந்தைகளுக்கு இதை வீட்டிலேயே செய்துபார்க்காதீர்கள்.

நோய் உறுதியானால் அரைகுறைப் பத்தியம் உதவாது. மைதா, ரவை, சேமியா போக, கடைப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருக்கலாம். மால்ட் பானங்களில் பார்லி. உறையில் ‘குளூட்டன் இல்லை’ என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அரிசி, கேழ்வரகு, சாமை, தினை தாராளமாகத் தின்னலாம்; கோதுமை அரைத்த மில்லில் மட்டும் மாவு அரைக்கக் கொடுக்காதீர்கள்.

நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் இந்நோய் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் அவர்களையும் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.