எந்த நூற்றுக்கு எழுபது?

தமிழ்நாட்டில் எந்தப் பட்டணத்திற்குச் சென்றாலும், சாலையோரப் பலகைகளில் சிரிக்கும் சிசுவின் படமொன்று இன்று நம் கண்ணிற் படுகிறது. படத்தின் கீழே ஒரு கருத்தரிப்பு மையத்தின் பெயர். சில இடங்களில் அதனருகே நூற்றுக்கு அறுபது என்றோ எழுபது என்றோ வெற்றியைப் பறைசாற்றும் ஓர் இலக்கம். செட்டிநாடும் இதற்கு விலக்கன்று. சந்தான பாக்கியத்தை நாடித் தவிக்கும் தம்பதிகள் அந்த இலக்கத்தை நம்பி, நகையை அடகு வைத்துப் பணம் திரட்டிக்கொண்டு செல்கிறார்கள். அதன் பொருள் என்னவென்று கேட்பார் அரியர். கேட்கவேண்டிய கடமை பொதுவாழ்வில் ஈடுபட்டோர் ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

காரைக்குடிக்குக் கணக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை நடத்திய நகரத்தார், பேரேட்டையும் ஐந்தொகையையும் பாராமல் ஒரு கடையின் லாபத்தை ஒப்புக்கொண்டவரல்லர். லாபம் என்று ஏஜெண்டு எழுதினால் மட்டும் போதாது. போட்ட முதல் எவ்வளவு, வராக்கடன் எவ்வளவு, செலவு போக நின்றது எவ்வளவு என்று முதலாளி கேட்பார். பணத்துக்கே இத்தனை விசாரணை செய்த பூமியில், ஒரு ஸ்திரீயின் தேகத்தையும் ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் பணயமாக வைக்கும் காரியத்தில், விளம்பர இலக்கத்தை விசாரணையின்றி ஏற்பது தகுமா?

ஐ.வி.எப். எனப்படும் இச்சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. முதலில் சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி மருந்து செலுத்திக் கருமுட்டைகளை வளர்க்கிறார்கள். பின்னர் அவற்றை வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் விந்தணுவோடு சேர்த்து, உண்டான கருவைச் சில தினங்கள் பேணிக் கருப்பையில் வைக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை; அதன்பின் ஸ்கேனில் இருதயத் துடிப்பு; கடைசியில் பிரசவம். ஒவ்வொரு படியிலும் சிலர் நின்றுவிடுகிறார்கள். ஆகவே, எந்தப் படியில் நிற்போரை மொத்தமாகவும், எந்தப் படியை எட்டினோரை வெற்றியாகவும் கொள்வது என்பதைப் பொறுத்து இலக்கம் மாறிவிடும்.

உதாரணத்துக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். 100 ஸ்திரீகள் ஊசி மருந்து தொடங்குகிறார்கள். அவர்களில் 60 பேருக்குத்தான் கரு வைக்கும் நிலை கைகூடுகிறது. அந்த 60 பேரில் 30 பேருக்கு இரத்தப் பரிசோதனை கர்ப்பம் என்று காட்டுகிறது. 6 பேருக்குக் கர்ப்பம் சிதைகிறது. 24 பேர் குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள். அறுபதுக்கு முப்பது என்று கொண்டு, நூற்றுக்கு 50 வெற்றி என விளம்பரம் செய்யலாம். பிரசவத்தையே வெற்றியெனக் கொண்டால் அதே அறுபதுக்கு 24, அதாவது நூற்றுக்கு 40. வாயிலில் நுழைந்த அனைவரையும் எண்ணினால் நூற்றுக்கு 24. மூன்றும் பொய்யல்ல, ஆனால் நுழைகின்ற தம்பதிக்கு உரிய விடை கடைசி இலக்கமே.

வயதும் இக்கணக்கிற் சேரவேண்டும். பிரிட்டனில் இத்தொழிலைக் கண்காணிக்கும் அதிகார சபை 2019-ஆம் வருஷத்துக்கு வெளியிட்ட கணக்கின்படி, வைக்கப்பட்ட கரு நூற்றுக்குப் பிறந்த குழந்தைப் பேறு, 35 வயதுக்குட்பட்ட ஸ்திரீகளிடத்தில் 32; 35 முதல் 37 வரை 25; 38, 39 வயதில் 19; 40 முதல் 42 வரை 11; 43, 44 வயதில் 5. இதுவும் கரு வைக்கப்பட்ட பின்னரே தொடங்கும் கணக்கு என்பதை மறத்தலாகாது. இவ்வாறிருக்க, வயதைக் குறிப்பிடாமல் எழுபது என்று பலகையில் எழுதினால், நாற்பது வயதுப் பெண்மணி அதைத் தமக்குரியதாகவே எடுத்துக்கொள்வார் அல்லவா?

இளம் வயதினர் தானமளித்த கருமுட்டையால் உண்டான கர்ப்பங்களைப் பொதுக் கணக்கிற் கலந்தாலும் இலக்கம் உயரும். ஒன்றுக்கு மேற்பட்ட கருவை ஒரே சமயத்தில் வைத்தாலும் உயரும். ஆனால் இரட்டைக் கர்ப்பத்தால் குறைப் பிரசவ அபாயம் தாய்க்கும் சேய்க்கும் பெருகும். நூற்றுக்கு 30 வீதம் மூன்று முறை செய்தால் 90 ஆகிவிடும் என்று எண்ணுவோரும் உளர். முதல் முறை தவறிய 70 பேரில் 21 பேரும், எஞ்சிய 49 பேரில் சுமார் 15 பேருமே பின்னர் பயன் பெறுவர், கூட்டினால் 66. அதுவும் ஒவ்வொரு முறையும் வாய்ப்புக் குறையாதிருந்தால்தான்.

இந்தச் சாஸ்திரத்தை நாம் இகழவில்லை. உலகின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தது. எழுபது நாட்களுக்குள், அக்டோபர் 3-ஆம் தேதி, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்தியாயாவின் முயற்சியால் மற்றொன்று பிறந்தது. மேற்கு வங்க சர்க்கார் அமைத்த குழு அவரை நம்பவில்லை. மனம் உடைந்த அம்மேதை 1981-ல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-ல் பம்பாயில் பிறந்த குழந்தையால் இத்துறையில் இந்தியாவின் முதல்வர் எனப் புகழ் பெற்றிருந்த விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமார், முகோபாத்தியாயாவின் குறிப்பேடுகளைப் பரிசீலித்து, முதன்மை அவருக்கே உரியதென 1997-ல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அன்று குறிப்பேட்டைச் சரிவரப் பாராமல் அவநம்பிக்கை கொண்டோம்; இன்று குறிப்பேட்டைப் பாராமல் நம்பிக்கை கொள்கிறோம். இரண்டும் ஒரே குற்றத்தின் இரு முகங்களே.

சட்டம் இல்லாமலில்லை. 2021-ல் பார்லிமெண்ட் இயற்றி, 2022 ஜனவரி 25-ஆம் தேதி அமலுக்கு வந்த கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு, செலவு, பக்க விளைவு, அபாயம் ஆகியவற்றைத் தம்பதிகளுக்கு எடுத்துரைப்பதை ஒவ்வொரு மையத்தின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது. தேசியப் பதிவேடொன்றையும் விதித்திருக்கிறது. வெற்றி வாய்ப்பு என்று சட்டம் சொல்லுகையில், வயதை மறைத்த இலக்கத்தையோ, பிரசவத்துக்கு முன்பே முடிந்துவிடும் கணக்கையோ அது கருதியிருக்க முடியாதென்பது நமது துணிபு.

கணக்கைப் பிரசுரித்தால் வைத்தியர்கள் வயது முதிர்ந்தோரையும் கடினமான நோயாளிகளையும் திருப்பி அனுப்பிவிடுவர் என்று ஓர் ஆட்சேபம் கூறப்படுகிறது. இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. பரிகாரம் கணக்கை மறைப்பதன்று. வயது வாரியாகப் பிரிப்பதே. நாற்பது வயதினரை நாற்பது வயதினரோடு ஒப்பிட்டால், கடினமான நோயாளியை ஏற்கும் வைத்தியருக்கு இழுக்கு வராது. அமெரிக்கா 1992-லேயே நிலையம் வாரியாக வெற்றிக் கணக்கைப் பிரசுரிக்கச் சட்டம் செய்தது.

இவ்விஷயம் பெண்டிருக்கு மட்டும் உரியதென்று ஆடவர் ஒதுங்குவது அழகன்று. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதியினரிடத்தில் புருஷனைச் சார்ந்த காரணமும் இருக்கிறது. ஆயினும் ஊசியை ஏற்பவளும், ஊர் வசையைத் தாங்குபவளும் ஸ்திரீயே. சிகிச்சை பலிக்காவிட்டால் வாழ்வே பாழ் என்பதும் பொய். பிள்ளை கூட்டுதலைக் கௌரவத்தோடு நடத்தும் வழக்கம் செட்டிநாட்டுக்கு உண்டு. இத்தனை முறைதான் செய்வோம், இவ்வளவுதான் செலவிடுவோம் என்று முன்கூட்டியே தீர்மானித்து நிற்பது தோல்வியன்று.

ஆகவே, பொது ஊழியர்கள் இரண்டு காரியங்களை மேற்கொள்ளவேண்டும். மையம் வாரியாகவும் வயது வாரியாகவும், சிகிச்சை தொடங்கியோர் எத்தனை பேர், உயிருள்ள குழந்தை பெற்றோர் எத்தனை பேர் என்னும் கணக்கு, வருஷந்தோறும் எளிய தமிழில் வெளிவரவேண்டும் எனச் சட்டசபையிலும் பொதுக்கூட்டங்களிலும் கேட்கவேண்டும். அதுவரையில், தம் ஊரிலிருந்து சிகிச்சைக்குப் புறப்படும் ஒவ்வொரு தம்பதியிடமும் ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தனுப்பவேண்டும்: "எங்கள் வயதில், எங்கள் சொந்தக் கருமுட்டையோடு, சென்ற வருஷம் இங்கே சிகிச்சை தொடங்கியோர் எத்தனை பேர்? அவர்களில் குழந்தையோடு வீடு சென்றோர் எத்தனை பேர்?" இதற்கு நேராக விடை கூறும் வைத்தியரை நம்பலாம், விடை கூற மறுக்கும் இடத்தில் பணத்தை எண்ணி வைக்கும் முன் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பது நலம்.