உங்களுக்குத் தெரியுமா? புதிருக்குள் ஒளிந்திருக்கும் செடிகள்

செடிப் பெயர்களை ஒளித்துவைக்கும் சொற்புதிரைக் குருட்டு ஊகத்தால் விடுவிக்க வேண்டியதில்லை. நல்ல புதிரில் ஒவ்வொரு விடைக்கும் இரண்டு சான்றுகள் உண்டு. ‘மாமரத்தை அடுத்து ஓட்டை; உடைத்தால் செம்மணிகள்’ என்ற குறிப்பில் மாமரம் ‘மா’, ஓட்டை ‘துளை’; சேர்த்தால் மாதுளை. செம்மணிகள் என்ற வருணனையும் அதையே காட்டுகிறது. ‘கரும்பில் ஓரெழுத்து குறைந்தால் கூழுக்கு ஆகும்’ என்றால், ‘ரு’ நீங்கிக் கம்பு கிடைக்கிறது. எழுத்தும் பொருளும் ஒரே சொல்லில் வந்து சேர்வதால்தான் விடை உறுதியாகிறது.

இது ஆங்கில நாளிதழ்ப் பழக்கம், தமிழுக்குப் பொருந்தாது என்பவர்கள் உண்டு. உயிர்மெய் எழுத்துகளைக் கலைத்து அடுக்கி வேறு சொல் ஆக்குவது கடினம் என்பது உண்மையே. ஆனால் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் சொல் காண்பது நமக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், எழுத்தை நீக்கி வேறு பொருள் காணும் அக்கரச்சுதகத்தைச் சொல்விளையாட்டுச் செய்யுள்களான சித்திரகவிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஊருக்கு ஊர் செடியின் பெயர் மாறுமே என்ற தடையும் நிற்காது. வருணனைக்குப் பொருந்தும் பல பெயர்களில் எது சரி என்பதை எழுத்துக் கணக்கே தீர்த்துவிடும். செடிகளையும் சொற்களையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே கற்பிக்க இது அருமையான பயிற்சி.